பேரில்லாத பையில் வரும் ஈஸ்ட்: வீட்டில் இஞ்சி பியர் போடுகிறவர்கள் கவனத்துக்கு

"வெளிநாட்டு பியர் ஈஸ்ட்" என்று விளம்பரம் போட்டு மலையகம் முழுக்க கூரியரில் அனுப்புகிற முகநூல் கடை ஒன்று இருக்கிறது. பேரை இங்கே எழுதப் போவதில்லை. அனுப்புகிற சாமானைச் சொல்கிறேன், உங்களுக்கே பிடிபட்டுவிடும். கையால் சூடு வைத்து ஒட்டிய பொலித்தீன் பை, 100 கிராம், 1,800 ரூபா. தயாரித்த திகதி இல்லை, காலாவதித் திகதி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை. பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் உண்டு.

நான் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் இருக்கிறேன். நத்தாருக்கும் ஏப்ரல் சீசனுக்கும் வீட்டில் இஞ்சி பியர் போடுவது வழக்கம். (பியர் என்றதும் மதுவரித் திணைக்களத்துக்கு யாரும் போன் போட வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்ச முடியாது என்று எனக்கும் தெரியும். இது நுரை கட்டியதும் நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குடிக்கிற பானம்.) லீற்றருக்கு 100 கிராம் சீனி, இஞ்சிச் சாறு, தேசிக்காய்ச் சாறு. கொதிக்க வைத்து, வாளியில் நன்றாக ஆறவிட்டு, ஈஸ்ட் போட்டு மூடி வைப்பேன். சாதாரணமாக மறுநாள் காலையில் நுரை கட்டியிருக்கும்.

இந்த முறை அந்தக் கடையின் ஈஸ்டைப் போட்டேன், வாளி அப்படியே கிடந்தது. அடுத்த நாளும் ஒரு குமிழி இல்லை.

கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, நுவரெலியாக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும், பொறுமையா இருங்க" என்றார். இந்தப் பதில்தான் எனக்கு எரிச்சல். மலைநாட்டில் எது ஓடாவிட்டாலும் பழி குளிருக்குத்தான். அதில் பாதி உண்மை இருப்பதால் நாமும் நம்பிவிடுகிறோம். பாண் ஈஸ்ட் 10 பாகைக்குக் கீழே போனால் கிட்டத்தட்டத் தூங்கிவிடும், அது சரி. ஆனால் லாகர் ஈஸ்ட் என்று ஒரு வகை அந்தக் குளிரிலேயே வேலை செய்யும். 19ஆம் நூற்றாண்டிலேயே நுவரெலியாவில் பியர் காய்ச்சியிருக்கிறார்கள், அப்போதும் இங்கே குளிர்தான். அதை விடுங்கள். என் வாளி இருந்தது அடுப்படியில். வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், 24 பாகை. எந்த ஈஸ்டுக்கும் அது குளிர் இல்லை.

அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "அப்போ சூடா இருக்கும்போதே போட்டிருப்பீங்க, செத்திருக்கும்." 50 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் போடும்போது 27 பாகை.

அப்புறம்தான் மீதிப் பையைச் சோதித்தேன். அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர், 38 பாகை அளவில். ஒரு தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். நல்ல ஈஸ்ட் என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே தொப்பி மாதிரி நுரை எழும்பும். இது சேறாக அடியில் படிந்ததோடு சரி. டவுன் பேக்கரியில் அப்போதுதான் உடைத்த பைக்கற்றிலிருந்து ஒரு கரண்டி கேட்டு வாங்கி, அதே தண்ணீர், அதே சீனியில் போட்டேன். கோப்பை விளிம்புக்கு ஏறிவிட்டது.

காரணம் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. உலர் ஈஸ்ட் உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்த பைக்கற்றில் கல்லாக இறுகி வருகிறது. உடைக்காத வரைக்கும் நீண்ட காலம் தாங்கும். உடைத்து, மெல்லிய பொலித்தீனில் பிரித்துக் கட்டினால் காற்றும் ஈரமும் ஏறும். நம் ஊர் மூடுபனியில் கேட்கவே வேண்டாம். எத்தனை மாதம் அப்படிக் கிடந்ததோ, திகதி இருந்தால்தானே தெரியும்.

இதுவரை நடந்ததைக் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஈஸ்ட் பூஸ்டர்" என்று ஒரு வெள்ளைப் பொடியை அனுப்பி, அதற்கும் தனியாக 650 ரூபா வாங்கினார்கள். வாளியில் போட்டதும் 'புஸ்' என்று பொங்கியது. பார்க்கிறவர்கள் ஈஸ்ட் எழும்பிவிட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் சில நிமிடத்தில் அடங்கிவிட்டது. தேசிக்காய்ப் புளிப்பும் போய், வாயில் சவர்க்காரம் கலந்த உப்புச் சுவை. மீதிப் பொடியை வினாகிரியில் போட்டேன், அங்கேயும் பொங்கல். அப்பச்சோடா, இல்லாவிட்டால் அதன் தம்பி! புளிப்போடு சேர்ந்தால் அது நுரைக்கத்தான் செய்யும். ஈஸ்டுக்கு உண்மையாகவே போடுகிற அமோனியம் பொஸ்பேற்று உப்பு வினாகிரியில் பொங்காது.

அடர்த்திமானி (திரவத்தில் சீனி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டுகிற கருவி) வைத்திருப்பவர்கள் இதை ஒரு நொடியில் பிடித்துவிடலாம். சீனி கரைந்ததும் என் வாளி 1.040 காட்டியது. ஈஸ்ட் சீனியைத் தின்றால் அந்த எண் இறங்க வேண்டும். பொங்கல் முடிந்த பிறகும் இறங்கவே இல்லை.

இஞ்சி விற்கிற விலையில் அந்த வாளியை அப்படியே ஊற்ற வேண்டியதாயிற்று. மறு வாளிக்குப் பேக்கரி ஈஸ்டைப் போட்டேன், விடிவதற்குள் நுரை. படம் எடுத்து அந்தத் தம்பிக்கு அனுப்பியதும் என் தொடர்பையே முடக்கிவிட்டார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பையை வீசிவிடாதீர்கள். கூரியர் துண்டும் காசு போட்ட சிட்டையும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். "போத்தலில் ஊற்றி இன்னும் கொஞ்சம் சீனி போட்டு இறுக்கி மூடுங்க, உள்ளே போய் எழும்பும்" என்றும் அந்தத் தம்பி சொன்னார். இன்னொருவருக்கும் அப்படிச் சொல்லியிருப்பார். பையில் கொஞ்சம் ஈஸ்ட் உயிரோடு இருந்தாலும் போதும், அது மெதுவாகப் பெருகி, மூடிய போத்தலுக்குள் வாயு ஏறி ஏறிக் கண்ணாடி வெடிக்கும். அப்படி அடைத்து வைத்திருந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். போத்தல்களை அசைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நன்றாகக் குளிரவிடுங்கள். பிறகு தடித்த துவாயால் சுற்றிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். அடுத்த முறை பிளாஸ்டிக் போத்தலில் அடையுங்கள். அமுக்கிப் பார்த்து இறுகிவிட்டது என்றால் உடனே குளிரில் வைத்துவிடலாம்.