நாடு நாடாகத் திரட்டுவதா, திரட்டி வைத்ததை எடுப்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் குழுவில் மூன்றே பேர். இருபது சொச்சம் நாடுகளின் நிதிக் கணக்குகளை ஒரே தரவுத்தளத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது வேலை. நிதிக் கணக்கு என்றால் பட்ஜெட் என்று நினைத்துவிட வேண்டாம். குடும்பங்கள், நிறுவனங்கள், வங்கிகள், அரசு, வெளிநாடு ஆகிய ஒவ்வொரு துறையும் யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறது, எங்கே எவ்வளவு போட்டு வைத்திருக்கிறது என்ற காலாண்டுக் கணக்கு அது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு நாட்டின் மத்திய வங்கியிடமும் நேரே போய் எடுக்கலாம், அல்லது ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு), ஐரோப்பிய மத்திய வங்கி, ஐஎம்எஃப் என்கிற சர்வதேச நாணய நிதியம் போன்ற அமைப்புகள் ஏற்கெனவே ஒரே அச்சில் வார்த்து வைத்திருப்பதை எடுக்கலாம். முதல் வழியில் ஒன்றரை வருஷம் புரண்டுவிட்டு இப்போது இரண்டாவதில் இருக்கிறேன், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

காசு கொடுத்து வாங்கும் மூன்றாவது வழியும் இருக்கிறது. ஒரு மாதம் சோதனைக்குப் பார்த்ததோடு சரி. வசதியாகத்தான் இருந்தது, ஆனால் சந்தா டாலரில், எங்கள் பணமோ ராண்டில்.

நேரே எடுப்பதன் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: சீக்கிரம் கிடைக்கும், விவரமும் அதிகம். தொல்லை என்னவென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சமையல். இந்திய ரிசர்வ் வங்கி கோடி ரூபாயில், ஏப்ரல்–மார்ச் வருஷத்துக்குக் கொடுக்கும். தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி மில்லியன் ராண்டில். ஜப்பானில் அலகு பத்துக் கோடி யென். எங்கள் ஸ்கிரிப்ட் (எண்களைத் தானாக இறக்கிப் படிக்கும் சிறு நிரல்) எல்லாமே மில்லியன்தான் என்று எடுத்துக்கொண்டு முதல் வரைபடத்தைப் போட்டபோது, இந்திய வம்சாவளியினர் நிறைந்த டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த எங்கள் குழுப் பையன் (அவனுக்கு வாய்த்தது கோயில் தமிழ்தான், ஆனாலும் என்னை வாய் நிறைய அண்ணா என்பான்) திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஜப்பான்காரங்க இவ்வளவு ஏழையா?" என்று கேட்டான். நூறில் ஒரு பங்காகக் குறைந்து கிடந்தது.

அலகுத் தப்பு கண்ணில் பட்டுவிடும், சரி. கண்ணில் படாதது வேறு. அமெரிக்க பெடரல் ரிசர்வின் இசட்.1 வெளியீட்டில் காலாண்டுப் பாய்வுகள் (அந்தக் காலாண்டில் கைமாறிய தொகைகள்) பருவச் சீராக்கம் செய்து, அதாவது பருவத்தால் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்கி, வருஷக் கணக்குக்கு உயர்த்தித் தரப்படும், அதாவது அந்தக் காலாண்டின் வேகத்திலேயே வருஷம் முழுக்கப் போனால் எவ்வளவு என்ற எண். அது தெரியாமல் நான்கு காலாண்டையும் கூட்டினால் வருஷத் தொகை நான்கு மடங்காகிவிடும். இன்னொன்று, அதே வெளியீட்டில் குடும்பங்களோடு லாப நோக்கமற்ற அமைப்புகளையும் ஒரே துறையாகச் சேர்த்திருப்பார்கள். வேறு சில நாடுகளில் இவை எஸ்14 (குடும்பங்கள்), எஸ்15 (லாப நோக்கமற்றவை) என்ற துறைக் குறியீடுகளில் தனித்தனியாக இருக்கும். இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குறிப்பேடு எழுதி வைத்தோம். பாதிக்கு மேல் என் தலைக்குள்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம்கூட ஒரு தடவை உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். என்னை நேர்வழியிலிருந்து (நேரே எடுக்கும் வழியைச் சொல்கிறேன்) விரட்டியது பராமரிப்புதான், அதிலும் குறிப்பாகத் திருத்தங்கள். இந்தக் கணக்கில் எந்த எண்ணும் ஒரு முறை அச்சானதோடு நிற்பதில்லை. புதுக் காலாண்டு வரும்போது பழைய காலாண்டுகள் சத்தமில்லாமல் மாறும், சில வருஷங்களுக்கு ஒரு முறை அடிப்படையையே மாற்றிப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னோக்கித் திருத்துவார்கள். 2021 ஆகஸ்டில் இங்கே ஸ்டாட்ஸ் எஸ்ஏ என்ற அரசுப் புள்ளியியல் துறை ஜிடிபியை 2015-ஐ அடிப்படையாக வைத்து மறுபடி கணக்கிட்டபோது 2020-ன் ஜிடிபி 11 சதவீதம் பெரிதானது. யாரும் ஒரு ராண்ட் கடனைக்கூடத் திருப்பிக் கட்டாமலே ஜிடிபியில் நாட்டுக் கடன் எத்தனை சதவீதம் என்ற விகிதம் இறங்கிவிட்டது! பழைய ஆய்வறிக்கையில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டால், அன்று இறக்கிய கோப்பு கையில் இருக்க வேண்டும். இருபது நாடு, இருபது கோப்பு வடிவம், நான்கு காலாண்டு. ஒரு நாட்டு மத்திய வங்கி எக்செல்லில் தலைப்பு வரிக்கு மேலே ஒரே ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்தது. எங்கள் ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் கடன் பத்திரங்களைக் கடன்கள் என்று படித்தது, இரண்டு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். இன்னொரு ராத்திரி லோட் ஷெட்டிங் மின்வெட்டில் சர்வர் பாதியில் நின்று, எட்டு நாடு புதுசு, மிச்சம் பழசு என்று காலையில் கிடந்தது.

இரண்டாவது வழியில் எல்லா நாடும் எஸ்டிஎம்எக்ஸ் என்ற ஒரே வடிவத்தில் வரும். 2001-ல் ஏழு சர்வதேச அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது. எஸ்11 என்றால் எந்த நாட்டிலும் நிதி சாராத நிறுவனங்கள், எஃப்4 என்றால் கடன்கள். ஒரே ஸ்கிரிப்ட் போதும். அதைவிட எனக்குப் பிடித்தது, நிலுவைக்கும் (காலாண்டு முடிவில் கையில் உள்ள இருப்பு) பரிவர்த்தனைக்கும் (அந்தக் காலாண்டின் பாய்வு) தனித்தனி அட்டவணை இருப்பது. நேர்வழியில் சில நாடுகளுக்கு நிலுவை மட்டும் கிடைத்தபோது, இந்தக் காலாண்டிலிருந்து போன காலாண்டைக் கழித்து அதையே பாய்வு என்று வைத்துக்கொள்ளும் சபலம் வந்தது, ஒரு முறை செய்தும் பார்த்தேன். அது எவ்வளவு தப்பு என்பதற்கு இந்த ஊர் உதாரணமே போதும். நாஸ்பர்ஸ் என்ற தென்னாப்பிரிக்க ஊடக நிறுவனம் 2001-ல் சீனாவின் இணைய நிறுவனமான டென்சென்ட்டில் பணம் போட்டது. அதன் பிறகு பல வருஷம் பங்கின் விலை பெரும்பாலும் ஏறிக்கொண்டே போனது. கழித்துப் பார்க்கிறவருக்குத் தென்னாப்பிரிக்கர்கள் ஒவ்வொரு காலாண்டும் சீனாவுக்குப் பணத்தைக் கொட்டுவதாகத் தெரியும். உண்மையில் அது வெறும் மறுமதிப்பீடு, யாரும் எதையும் அனுப்பவில்லை.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. எண்கள் தாமதமாக வரும். தொகுத்த கணக்கு (ஒரே துறைக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலை நீக்கியது), தொகுக்காத கணக்கு என்று ஒரே தொடர் இரண்டு தடவை இருக்கும், கவனிக்காமல் இரண்டையும் இறக்கினால் இரட்டிப்பாகிவிடும். திருத்தம் வந்தால் இங்கும் பழைய எண் அழிந்துதான் போகும், ஆகவே இறக்கிய ஒவ்வொரு கோப்பையும் தேதி போட்டு நீங்களே பத்திரப்படுத்த வேண்டும். எங்கள் அட்டவணையில் ஒரு எண்ணுக்கு ஒரு வரி, அதில் இறக்கிய தேதிக்கு ஒரு தனிக் கட்டம். முகவரிகளும் மாறும். ஒரு அமைப்பு தன் தளத்தையே மாற்றியபோது எங்கள் இணைப்புகள் எல்லாம் செத்துவிட்டன, ஆனால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பதால் ஒரு மதியத்தில் முடிந்தது. நேர்வழியில் அதே வேலைக்கு இருபது மதியம் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் ஓஇசிடியில் உறுப்பினர்கள் இல்லை. அந்த இரண்டை மட்டும் இன்னமும் நேரே எடுக்கிறோம், குறிப்பேடும் இரண்டு பக்கமாகச் சுருங்கிவிட்டது. போட்ஸ்வானா, நமீபியா மாதிரி பக்கத்து நாடுகளைச் சேர்க்கச் சொல்லி இப்போது கேட்கிறார்கள். அவற்றில் நான் கை வைத்ததே இல்லை, அங்கே நேர்வழிதான் சரிப்படும் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

போன தைப்பூசத்துக்குப் பையன் காவடி எடுக்கப் போய்விட்டான், நானும் பால்குடம் பார்க்கப் போய்விட்டேன், ஸ்கிரிப்ட் தானாக ஓடியது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் நான்கு வரி சிவப்பில், அதாவது பிழையில், இருந்தது. நான்குமே எங்கள் இரண்டு நேர்வழி நாடுகளுடையவை.