கொட்டாவிக்கு டஸ்ட் தேயிலை: எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

இலங்கை மலைநாட்டு ஹட்டன் கடைகளில் "டஸ்ட்-1" என்று கேட்டு வாங்கும் தூள் பொடிப்பொடியாக, கறுப்பாக இருக்கும். இரவு பஸ் ஓட்டுகிறவர்களும் தேயிலை ஸ்டோரில் ராத்திரி வேலை பார்ப்பவர்களும் இதைத் தூக்கத்துக்கு மருந்து என்பார்கள். மருந்துதான். ஆனால் எல்லாக் கொட்டாவிக்கும் கேட்காது.

துகள் சின்னது என்பதால் சாயம் சட்டென்று இறங்கும். 200 மில்லிலீட்டர் வெந்நீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி போட்டு, மூன்று நிமிடம் மூடி வைத்தால் போதும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அங்கே இன்னொரு நிமிடம் விடுங்கள். கேத்தலில் கிடந்து கொதித்தால் ஏறுவது துவர்ப்புதான், தூக்கத்தை விரட்டும் பொருளான கஃபீனில் பெரும்பங்கு முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். நாக்கு சுருங்கினால் தூக்கம் போய்விட்டது என்று நம்புவது சும்மா.

விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை இழுக்கும். அது ஒட்டும் இடத்தைக் கஃபீன் மறிக்கிறது. குடித்தவுடன் அல்ல, அரை மணி நேரமாவது ஆகும். ஹட்டனைத் தாண்டி வரும் கினிகத்தேனை வளைவுகளுக்குக் கண் தெளிவாக வேண்டுமென்றால் ஹட்டனிலேயே குடிக்க வேண்டும். குடித்துவிட்டு 15 நிமிடம் கண்ணயர்ந்தால் இன்னும் நல்லது. விடிந்ததும் படுக்கிறவர்கள் நள்ளிரவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதிக் கஃபீன் உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

"மலையில் காற்று குறைவு, அதனால்தான் கொட்டாவி" என்ற பேச்சு வேறு. 1987இல் அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் புரொவைனின் குழு, ஆட்களைச் சுத்த ஒட்சிசன் சுவாசிக்க வைத்தது; கொட்டாவி குறையவில்லை. காபனீரொட்சைட்டைக் கூட்டியும் பார்த்தார்கள், கொட்டாவி ஏறவுமில்லை.

தொற்றுக் கொட்டாவியில்தான் இந்தத் தூள் தோற்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவரையும் பக்கத்து சீட்காரரின் கொட்டாவி பிடித்துக்கொள்ளும். பார்க்கக்கூட வேண்டாம், சத்தமோ நினைப்போ போதும். (இதை வாசிக்கும்போதே ஒன்று வந்திருக்கலாம்.) நான்கைந்து வயதுக்கு முன் பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படாது. 2007இல் வெளியான, அண்ட்ரூ கேலப், கோர்டன் கேலப் என்ற ஆய்வாளர்களின் ஆய்வில் நெற்றியில் குளிர்ப்பொதி வைத்தவர்களுக்கும் மூக்கால் மட்டும் மூச்சு விட்டவர்களுக்கும் தொற்றுக் கொட்டாவி குறைந்தது. மூளையைக் குளிர்விக்கத்தான் கொட்டாவி என்ற அவர்களின் விளக்கம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனாலும் ஈரத்துண்டுக்குச் செலவில்லை, நானுஓயாக் குளிரில் ஜன்னலைத் திறந்தாலே போதும்.

துளை பெரிய கம்பி வடியில் தூள் தப்பிக் கோப்பையில் மண்டி நிற்கும், துணி வடி வாங்குங்கள். தேயிலைப் பக்கெட்டை வெட்டி அப்படியே வைத்தால் மழை மாதத்தில் ஈரம் இழுத்துக் கட்டிபட்டுவிடும்.