லாபிஸ் லசூலி நிறமித்தூள்: விலைக்கேற்ற நீலமா?

ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் பகுதியிலுள்ள சர்-இ-சங் சுரங்கக் கல்லிலிருந்து எடுத்ததாகச் சொல்லி விற்கப்படும் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லின் நிறமித்தூளில் நடுத்தர வகை ஒன்றை வாங்கி, கம் அராபிக் பிசினும் சிறிது தேனும் சேர்த்துக் கண்ணாடிக் குழவியால் அரைத்து, 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதத்தில் தீட்டிப் பார்த்தேன். பக்கத்திலேயே, பிபி29 என்ற நிறமிக் குறியீட்டுடன் கிடைக்கும், இதே நீலத்தின் செயற்கை வடிவத்தையும் (செயற்கை அல்ட்ராமரைன்) தீட்டி ஒப்பிட்டேன்.

அடர்ந்த நீலம் மட்டுமே வேண்டுவோர் கல்லின் தூளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. படிகக் கூட்டுக்குள் அடைபட்ட கந்தகமே இரண்டுக்கும் நிறம் தருகிறது; செறிவில் செயற்கைத் தூளே மேல். பிரான்சில் 1824-இல் அறிவிக்கப்பட்ட 6000 பிராங்க் பரிசைச் செயற்கை முறை கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் கிமே 1828-இல் பெற்ற பின், பொன்னுக்கு நிகராக விற்ற நீலம் வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலப்பொடி வரை இறங்கி வந்துவிட்டது.

கல்லின் தூள் தன் மதிப்பைக் காட்டுவது மெல்லிய பூச்சில்தான். செயற்கைத் துகள்கள் நுண்மையாகவும் ஏறத்தாழ ஒரே அளவிலும் இருக்க, இடித்தெடுத்த துகள்கள் பெரிதும் சிறிதுமாய், கூரிய சில்லுகளாய், இடையிடையே நிறமற்ற கால்சைட் என்னும் கனிமத்துடன் கலந்து கிடக்கின்றன. ஈரம் வற்றும்போது பெரிய துகள்கள் காகிதத்தின் குழிகளில் தங்கிவிட, சிறியவை மேடுகளில் மங்கலாகப் படிந்து, சாம்பல் சாயலுள்ள, சீரற்ற நீலம் உருவாகிறது. அதன் மேல் இரண்டு பூச்சுகள் ஏற்றியபோதும் அடியிலிருந்த வெண்மை மறையவில்லை. நிறம் மேற்பரப்பில் நின்றுவிடாமல் உள்ளிருந்து வருவதுபோல் தோன்றியது. செயற்கை நீலமோ மூன்றாம் பூச்சில் கனத்துத் தட்டையாகிவிட்டது. நீல ஆடைகளோடு நிற்காமல் நிழல்களிலும் டச்சு ஓவியர் வெர்மீர் கல்லின் நீலத்தைத் தாராளமாகச் சேர்த்ததன் காரணம் எனக்கு இப்போதுதான் கண்ணுக்குப் புரிந்தது.

தரத்தைப் பற்றி ஒரு குறை உண்டு. பொடித்த கல்லை மெழுகும் பிசினும் சேர்த்து உருண்டையாக்கி, காரநீரில் பிசைந்து நீலத்தை வெளியேற்றும் முறையை இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதி வைத்திருக்கிறார். தேங்காய்ப்பால் போலவே முதல் பிழிவுதான் செழுமையானது. கடைசியில் வருவது வெளிறிய சாம்பல் நீலம். நான் வாங்கிய உறையிலோ இது எந்தப் பிழிவு, இந்த முறையில் பிரித்ததுதானா, வெறுமனே இடித்துச் சலித்ததா என்ற குறிப்பே இல்லை. இந்த விலைக்கு விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

வெயிலுக்கு இந்நிறம் அஞ்சாது. அமிலம் பட்டால் வெளுத்துவிடும். ஆகவே அமிலமற்ற காகிதத்தையே பயன்படுத்த வேண்டும். நிலக்காட்சியும் துணி மடிப்புகளும் தீட்டுவோர் சிறிய அளவில் வாங்கிக் கடைசிப் பூச்சுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய பரப்பை நிரப்ப பிபி29 தாராளமாகப் போதும்.