டண்டி நிலக்கரி வட்டாரம்: எந்த வரைபடத்தை வாங்குவது?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன இந்தியர்களின் ஒப்பந்தக் கூலிப் பதிவேட்டில் பூட்டனாரின் பெயருக்கு எதிரே ஒரு சுரங்கக் கம்பெனி இருக்கிறது. சரி, வடநேட்டாலின் டண்டி நிலக்கரி வட்டாரத்தில் அந்தச் சுரங்கம் எங்கே? தேடிப் போனால் மூன்று வகை வரைபடங்கள் கிடைக்கும்.

முதலாவது, 1899 போயர் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மேஜர் கிராண்ட் தயாரித்த வடநேட்டால் ராணுவ வரைபடம். மைலுக்கு ஓர் அங்குலம். சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு. ஆனால் அது படைக்காரரின் பார்வை: எந்தக் குன்றைப் பிடிக்கலாம், மாட்டுவண்டி எங்கே ஆற்றைக் கடக்கும், பண்ணை யாருடையது. குன்றுகளும் பெரும்பாலும் கண்ணளவில் வரைந்தவை. 1900க்குப் பிறகு தோன்றிய சுரங்கம் அதில் எப்படி இருக்கும்?

இரண்டாவது, 1936இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க அரசின் 1:50,000 வரைபட வரிசையின் பழைய பதிப்புகள். என் ஓட்டு இதற்குத்தான். வான்வழிப் படங்களைக் கொண்டு வரைந்தவை. கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர். டண்டி, கிளென்கோ, ஹட்டிங்ஸ்புரூட் மூன்றும் 2830 ஏஏ என்ற ஒரே தாளில் அடங்கும். நியூகாசலுக்கு 2729 என்று தொடங்கும் தாள்களைக் கேளுங்கள். முதலில் ரயில் பாதையைப் பிடியுங்கள். அதிலிருந்து பிரிந்து வெட்டவெளியில் முடியும் கிளைத்தடம் பெரும்பாலும் ஒரு சுரங்கத்துக்குத்தான் போகும். தொழிலாளர் காம்பவுண்டும் (குடியிருப்பு வளாகம்) அங்கேதான் பக்கத்தில் இருந்திருக்கும். 1913இல் இந்தியத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் சுரங்கக் காம்பவுண்டுகளையே டண்டி, நியூகாசல் சிறைகளின் கிளைகளாக அறிவித்து நம்மவர்களை அடைத்தார்கள். அதனால் அந்த இடம் தெரிவது நமக்குச் சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, இதே வரிசையின் இன்றைய பதிப்பு. கேப் டவுன் மவ்பிரேயில் உள்ள அரசு நில அளவை அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. காரில் போக இதுதான் வேண்டும். மூடிய சுரங்கத்தின் பெயரை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 1999இல் நாட்டின் நில அளவை ஆதாரம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் அடிப்படை, மாறியது. பழைய தாளின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால் இந்த வட்டாரத்தில் சுமார் 50 மீட்டர் தள்ளிப்போகும். தாளில் அது ஒரு மில்லிமீட்டர். புல் மூடிய அஸ்திவாரத்தைத் தேடுகிறவருக்கு அது ரொம்ப தூரம். அப்போது 1:10,000 ஆர்த்தோபோட்டோ (அளவு சரிசெய்த வான்வழிப் படம்) வரைபடத்துக்குப் போங்கள், வீட்டு வரிசையே தெரியலாம். பூமிக்கடியில் சுரங்கம் எந்தப் பக்கம் ஓடியது என்பதை இவை எதுவும் காட்டாது. அதற்குச் சுரங்கத்தின் சொந்தத் திட்டப்படம்தான் வேண்டும்.