ஒரே வலைப்பின்னல், வெவ்வேறு விடை: சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வை எந்தக் கருவியில் பழகுவது?

15-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பெரிய குடும்பங்களின் கொள்வினை கொடுப்பினையைச் சொல்லும் சின்னத் தரவு ஒன்று உண்டு. ஜான் பேட்ஜெட் என்ற ஆய்வாளர் திரட்டியது. 16 குடும்பங்கள், 20 சம்பந்தங்கள், அவ்வளவுதான். தாளில் வரைந்து விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வில், அதாவது யாருக்கு யாரோடு தொடர்பு என்பதைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் ஆக்கி ஆராயும் துறையில், கைப்பழக்கம் வேண்டுமென்று வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன். கருவி சொல்லும் விடை சரியா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். எதில் பழகுவது என்பதற்கு என் அளவுகோலும் அதுதான்: நம் தவறு எந்தக் கருவியில் சீக்கிரம் கண்ணில் படுகிறது?

கெஃபி என்ற மென்பொருள் இலவசம், நிரல் எழுத வேண்டாம், ஏற்றிய உடனே படம் வந்துவிடும். தரவில் உள்ள அழுக்கைக் காட்ட இதை மிஞ்ச ஆளில்லை. ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தால் இரண்டு புள்ளிகள் தனித்தனியே நிற்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் இல்லாத புள்ளியைக் கண் எப்படிக் காணும்? நம் தரவில் புச்சி குடும்பத்துக்கு ஒரு சம்பந்தம்கூட இல்லை. இணைப்புப் பட்டியலை மட்டும் ஏற்றினால் அது படத்துக்கே வராது. கணுக்களின் (புள்ளிகளின்) பட்டியலைத் தனியாக ஏற்ற வேண்டும். இதை ஒருமுறை கோட்டைவிட்டுத்தான் நானும் கற்றுக்கொண்டேன். இன்னொன்று, படத்தின் அழகு ஆளை மயக்கும். நடுவில் இருப்பவர்தான் முக்கியமானவர் என்று மனம் சொல்லும். ஆனால் அந்த இடத்தைத் தீர்மானித்தது, புள்ளிகளை எங்கே வைப்பது என்று கணக்கிடும் ஃபோர்ஸ் அட்லஸ் என்ற வரைதல் முறை.

பைத்தான் நிரல்மொழியின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்துக்கு வந்தால் படம் சுமார்தான். ஆனால் என்ன செய்தோம் என்பது வரிக்கு வரி எழுத்தில் இருக்கும். ஃபிளாரன்ஸ் தரவு அதற்குள்ளேயே வருகிறது, புச்சி இல்லாமல் 15 குடும்பங்களாக. மெடிச்சிக்கு 6 சம்பந்தங்கள், அவர்களைவிடச் செல்வம் மிகுந்த ஸ்ட்ரோட்சிக்கு 4. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. பிட்வீன்னெஸ், அதாவது மற்ற குடும்பங்கள் ஒன்றையொன்று எட்டும் மிகக் குறுகிய வழிகளில் எவ்வளவு பங்கு இவர்கள் வழியாகப் போகிறது என்று கணக்கிட்டால், மெடிச்சி 0.52, ஸ்ட்ரோட்சி 0.10. மெடிச்சியின் பலம் எங்கே இருந்தது என்பது இங்கேதான் தெரிகிறது.

அதே கணக்கை ஐகிராஃப் என்ற இன்னொரு நிரல் நூலகத்தில் போடுங்கள். மெடிச்சிக்கு 47.5 வரும்! பிழை எதுவும் இல்லை. மற்ற 14 குடும்பங்களிலிருந்து 91 ஜோடிகள் அமையும். நெட்வொர்க்எக்ஸ் அதால் வகுத்துத் தருகிறது, ஐகிராஃப் நாம் கேட்டால்தான் வகுக்கும். புச்சியையும் சேர்த்தால் 105 ஜோடிகள், விடை 0.45 ஆகிவிடும். யாரோடும் சம்பந்தம் செய்யாத ஒரு குடும்பம் மெடிச்சியின் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டது. இந்த மூன்று எண்களும் எப்படி வந்தன என்று விளக்கத் தெரிந்தவருக்குப் பாதி பாடம் முடிந்தது.

வேகம் கேட்டால் ஐகிராஃப்தான். உள்ளே சி மொழி. நெட்வொர்க்எக்ஸ் முழுக்கப் பைத்தான், பெரிய தரவில் மூச்சு வாங்கும். பழகும் நாட்களில் இது ஒரு குறையே அல்ல.

நோட்எக்ஸ்எல் எக்செலுக்குள் இயங்குவது. விரிதாளில் ஊறியவர்களுக்கு வசதி, ஆனால் விண்டோஸ் கட்டாயம். பாயெக், ஸ்லோவேனிய மொழியில் சிலந்தி, பெரிய வலைப்பின்னல்களுக்கென்றே எழுதப்பட்டது. அதன் மெனுக்களுக்குள் வழி கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். யூசிநெட் கட்டண மென்பொருள். இதே குடும்பங்களின் வணிக உறவும் திருமண உறவும் ஒத்துப்போகின்றனவா என்று அணிகளை (உறவுகளைக் குறிக்கும் எண் அட்டவணைகளை) ஒப்பிட்டுச் சோதிக்கும் வேலையில் அது கைதேர்ந்தது. ஆய்வேடு எழுதுபவருக்குச் சரி, முதல் மாதத்துக்கு வேண்டாம்.

நான் சொல்லும் வரிசை: கெஃபியில் இரண்டு வாரம், பிறகு நெட்வொர்க்எக்ஸ். மாறும்போது ஓர் இடத்தில் கவனம். நெருங்கிய தொடர்புள்ளவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் லூவைன் முறையை இரண்டிலும் வெய்ன் சாக்கரி என்ற ஆய்வாளர் திரட்டிய கராத்தே மன்றத் தரவில் (34 பேர், 78 இணைப்புகள்) ஓட்டிப் பாருங்கள். நிஜத்தில் அந்த மன்றம் இரண்டாக உடைந்தது. லூவைன் பெரும்பாலும் நான்கு குழுக்களைத் தரும். சரி, குழுக்கள் எவ்வளவு பெரிதாக அமைய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் ரெசல்யூஷன் என்ற எண்ணை மாற்றிப் பார்ப்போம் என்று கை போகும். கெஃபியில் அந்த எண்ணை ஏற்றினால் குழுக்கள் குறையும். நெட்வொர்க்எக்ஸில் ஏற்றினால் கூடும்.