முத்துப்பேட்டை பக்கம் ஒரு உப்புத்தண்ணி நாத்தங்கால்: ரெண்டு கோடை தாண்டுனதுக்கு அப்புறம் எழுதுற ரிவியூ

நட்ட மறுமாசமே எழுதியிருக்கலாம், ஆனா உப்புத்தரையில நட்ட கன்னு பத்தி அவ்ளோ சீக்கிரம் எழுதுனா அதுல ஒண்ணும் அர்த்தம் இல்ல. மார்கழில நட்டா மாசி வரைக்கும் எந்த கன்னும் பச்சையாத்தான் நிக்கும். சித்திரை வெயில்ல தண்ணி வத்தி உப்பு ஏறுறப்பதான் அந்த கன்னை எப்படி வளர்த்தாங்கன்னு வெளிய தெரியும். அதனால ரெண்டு கோடை போகட்டும்னு காத்திருந்து இப்ப எழுதுறேன்.

முத்துப்பேட்டைக்கு கெழக்கால எங்களுக்கு ஒரு மூணு ஏக்கர் பட்டா நிலம் இருக்கு, தொண்ணூறுகள்ல அப்பா அதை இறால் குட்டைக்கு குத்தகைக்கு விட்டாரு, வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் செத்து குத்தகைக்காரங்க போயிட்டாங்க, அதுக்கப்புறம் சுத்தி போட்ட கரை மட்டும் அப்படியே நின்னுச்சு. உள்ள மழைத்தண்ணி நின்னு காஞ்சு நின்னு காஞ்சு தரை வெள்ளையா பூத்துப்போச்சு, ஒரு ஓரமா சீமைக்கருவேல். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் கரையேறுனப்ப எங்களுக்கும் கடலுக்கும் நடுவுல மறிக்க ஒரு செடி இல்ல. எங்க அப்பாயி சின்ன வயசுல அந்த எடத்துல உமிரின்னு உப்புத்தரையில வளர்ற கீரையைப் பறிச்சு உப்பே போடாம கடைஞ்சு சாப்பிட்டதா சொல்லும். அது இருந்த மாதிரி திரும்ப பாக்கணும்னு ஒரு ஆசை, அவ்ளோதான் ஆரம்பம்.

மொதல்ல வேற ஒரு எடத்துல கடலோர சேத்துல வளர்ற அலையாத்தி மரத்தோட கன்னு 400 வாங்குனேன், பேர் வேணாம். பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, செம்மண்ணும் தொழு உரமும் கலந்த பையில எலையெல்லாம் பளபளன்னு. போர் தண்ணி ஊத்தி நெழல் வலைக்குள்ள வளர்த்தது. கொண்டாந்து நட்டு மூணாவது வாரம் எலை ஓரம் கருகி சுருண்டுச்சு, சித்திரைக்கு எண்ணிப் பாத்தா 11 தான் உசுரோட இருந்துச்சு. நல்ல தண்ணி குடிச்சு வளர்ந்த கன்னை திடீர்னு உப்புல எறக்குனா மண்ணுல இருக்கற உப்பு அதோட வேர் தண்ணி இழுக்க விடாது, தண்ணிக்குள்ளயே நின்னுக்கிட்டு தாகத்துல சாகும். அலையாத்தியே உப்புல வளர்ற மரம்தான, இதுக்கு என்ன ஆகப்போகுதுன்னு நானும் நெனச்சிருந்தேன். மரம் உப்பைத் தாங்கும்தான், ஆனா கன்னா இருக்கும்போதே அதுக்கு பழக்கி விடணும்.

அப்புறம் ஒரு மீன்காரர் சொல்லித்தான் இந்த நாத்தங்காலுக்கு போனேன். ஊர்ப் பொம்பளைங்க பத்து பன்னெண்டு பேரு சேந்து நடத்துறாங்க, போர்டு எதுவும் கெடையாது, இங்க ஊர் பேரையும் அவங்க பேரையும் நான் போடல, கூட்டம் வந்து நிக்கறதை அவங்க விரும்பல.

மத்த நர்சரில பையை வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க. இங்க போனா முன்னாடி ஒரு சின்ன உப்புச் சதுப்பு நெலமே இருக்கு, இவங்களே வெட்டி உண்டாக்குனது. ஒரு பழைய உப்புப் பாத்தியை எடுத்து ஓடையில இருந்து ஒரு வாய்க்கால் வெட்டி வாய்ல பலகை மதகு வச்சிருக்காங்க. ஏத்தத்துல தண்ணி உள்ள வரும், வத்தத்துல வெளிய போகும், நம்ம பக்கம் கடல் ஏறி எறங்குறதே ஒரு மீட்டருக்கும் கம்மிதான் அதனால தரை ஒரு சாண் ஒசரம் கூடுனாலும் கொறஞ்சாலும் அங்க வளர்ற செடியே மாறிப்போகும். அதை வச்சுத்தான் உள்ள மூணு படியா மண்ணை வெட்டியிருக்காங்க. அடிப்படில சேத்துல போர்ட்டரேசியான்னு ஒரு புல்லு, நெல்லுக்கு சொந்தக்காரப் புல்லு அது, தெனமும் கடல்தண்ணி ஏறி எறங்குற எடத்துல நிக்கும், எலையில இருக்கற மெல்லிசான முடி வழியா உப்பை வெளிய தள்ளிடும். நடுப்படில அலையாத்தி. மேப்படி அமாவாசை பௌர்ணமிக்கு மட்டும் நனையும், அங்கதான் உமிரியும், தரையோட படர்ற வங்கராவாசிங்கற செடியும்.

இந்த மூணு படியும் விக்கறதுக்கு இல்ல, தாய்ச்செடி. வெதையும் தண்டும் இதுல இருந்து எடுத்துத்தான் பையில போடுறாங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். முத்துப்பேட்டை காப்புக்காட்டுக்குள்ள போய் யாரும் இஷ்டத்துக்கு பொறுக்க முடியாது, வனத்துறை அனுமதி வேணும், அது அப்படித்தான் இருக்கணும். ஒரு எடத்தை பச்சையாக்க இன்னொரு எடத்தை மொட்டையடிச்சா யாருக்கு லாபம்? இவங்க சதுப்பு உண்டாக்கி மூணு வருசம் ஒண்ணுமே விக்காம அதை வளரவிட்டு அப்புறம்தான் மொத கன்னு வித்தாங்களாம். அந்த பொறுமைக்கே நான் காசு குடுப்பேன்.

கன்னு வளர்க்கற வேலையை ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்தேன். அலையாத்திக் காய் விழுந்ததும் பொறுக்கி ஓடைத் தண்ணில ஊறப்போடுறாங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல மேல் தோலு தானா கழண்டுக்கும், உள்ள பச்சையா ரெண்டு பருப்பும் முளையும் இருக்கும். அதை பையில ஆழமா புதைக்காம மேலாக்க அமுக்கி விடுறாங்க. பையில இருக்கறது அந்த ஓடைக் களிமண்ணுதான், செம்மண் கெடையாது. வங்கராவாசி சுலபம், கணுவோட தண்டை ஒடிச்சு சேத்துல சொருகுனா வேர் விட்டுக்கும். உமிரி வெதை அப்படி இல்ல, உப்புலயே காய்ச்சாலும் முளைக்கறதுக்கு அதுக்கு உப்பு கொறையணும், அடைமழை அடிச்சு தரை கழுவுனாத்தான் கண்ணு தொறக்கும். அதனால உமிரி கன்னு வருசம் பூரா கெடைக்காது, கேட்டு சண்டை போடாதீங்க.

முளைச்சதுக்கு அப்புறம் பழக்கறது. இறால் குட்டைக்காரங்க வச்சிருக்கற அதே உப்பு பாக்கற மீட்டரை இவங்களும் வச்சிருக்காங்க. மொதல்ல மழைத்தண்ணி கலந்து 5 பிபிடி, அதாவது ஆயிரம் பங்குல அஞ்சு பங்கு உப்பு, அப்புறம் 10, 15ன்னு வாராவாரம் ஏத்தி கடைசில ஓடைத் தண்ணியை அப்படியே விடுறாங்க. கடல்தண்ணி 35னு வச்சுக்கோங்க. கடைசி ஒரு மாசம் பையையெல்லாம் நடுப்படி ஓரத்துல எறக்கி வச்சு கடல் ஏறி எறங்குறதுக்கும் வெயிலுக்கும் அப்படியே விட்டுடுறாங்க. அங்க கொஞ்சம் சாகும், சாகட்டும்னு விடுறாங்க. மிச்சம் நிக்கறதுதான் விலைக்கு. பாக்க அழகா இருக்காது, குட்டையா எலை தடிச்சு பழுப்பேறி இருக்கும். அந்த எலையை நாக்குல வச்சுப் பாத்தேன், உப்பு கரிச்சுது. உப்பை வெளிய தள்ளக் கத்துக்கிச்சுன்னு அர்த்தம்.

இனி முக்கியமான விசயம். நான் போன மொத தடவை எனக்கு கன்னு குடுக்கல.

"தம்பி, எடத்தைப் பாக்காம நாங்க குடுக்கறதில்ல"ன்னு பொறுப்பா இருக்கற அக்கா சொல்லிட்டாங்க. ரெண்டு பேரு கெளம்பி வந்தாங்க, நாலு மூங்கில் குச்சில சாண் கணக்கு கோடு போட்டு அங்கங்க ஊனிட்டு பௌர்ணமி வரைக்கும் தண்ணி எந்தக் கோடு வரைக்கும் வருதுன்னு என்னையே பாத்து குறிக்கச் சொன்னாங்க. குட்டைக்குள்ள ஒரு சொட்டு வரல. அதுக்கப்புறம் அக்கா சொன்னதுதான், "கரையை ஒடைச்சு வாய்க்கா வெட்டுங்க, ஒரு மழை தாண்டட்டும், அப்புறம் வாங்க. தண்ணி வராத எடத்துல எங்க கன்னும் சாகத்தான் செய்யும்."

அப்ப எனக்கு கோவம் வந்துச்சு, உண்மையச் சொல்றேன், காசை கையில வச்சுக்கிட்டு நிக்கறேன் இன்னும் ஒரு வருசம் போகச் சொல்றாங்களேன்னு. ஆனா அவங்க சொன்னது பிச்சாவரத்துல பல வருசம் முன்னாடியே பாத்து தெரிஞ்சுக்கிட்ட பாடம். அங்க ஒரு காலத்துல காட்டை பட்டை பட்டையா மொத்தமா வெட்டுனாங்க, மரம் போனதும் வெயில் நேரா தரையில விழுந்து சேறு காஞ்சு அமுங்கி தொட்டி மாதிரி ஆயிடுச்சு, உள்ள வந்த கடல்தண்ணி வெளிய போக வழியில்லாம நின்னு வத்தி உப்பு ஏறி ஏறி அலையாத்தி முளைக்கவே முடியல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேந்து மீன் முள்ளு மாதிரி நடுவுல ஒரு பெரிய வாய்க்காலும் ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்காலும் வெட்டி தண்ணியை ஓடவிட்டு அப்புறம்தான் கன்னு நட்டாங்க. முத்துப்பேட்டைலயும் அதே முறைதான். என் குட்டையும் அச்சா ஒரு தொட்டிதான, பக்கத்துல ஆயிரம் நர்சரி இருந்தாலும் கரை இருக்கற வரைக்கும் அங்க ஒண்ணும் வந்திருக்காது.

ரெண்டு எடத்துல கரையை ஒடைச்சேன், ஜேசிபி வச்சு நடு வாய்க்காலும் ஆறு கிளையும் போட்டேன், ஐப்பசி கார்த்திகை மழை நல்லா கழுவிவிட்டுச்சு. மார்கழி கடைசில வந்து அவங்களே நட்டுக் குடுத்தாங்க. 500 அலையாத்தி ஒண்ணு 18 ரூபா, 300 உமிரி, வங்கராவாசி தண்டு ரெண்டு மூட்டை. உமிரியும் வங்கராவாசியும் ரொம்ப மலிவு. நட வந்த ஆளு கூலி தனி. சுரபுன்னையும் வேணும்னு கேட்டேன், பிச்சாவரத்துல படகுல போறப்ப ரெண்டு பக்கமும் கால் ஊனி நிக்கறதைப் பாத்து எல்லாருக்கும் அதுமேலதான் ஆசை. "உங்க தரைக்கு அது வேணாம், இங்க அலையாத்திதான் நிக்கும்"னு சொல்லி குடுக்கல. முத்துப்பேட்டை காட்டுல பெரும்பாலும் அலையாத்திதான்கறது போய்ப் பாத்தவங்களுக்கு தெரியும். தில்லை கேட்டேன், அது இருக்காம் ஆனா ஆடுமாடு நடமாடுற எடம்னா யோசிங்கன்னாங்க, அதோட பாலு கண்ணுல பட்டா பெரிய ஆபத்து. சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வந்த அதே மரம்தான்.

இப்ப கணக்கு. மொத கோடைல சனவரி 28க்கு மேட்டூர் அணையை மூடுனதும் வழக்கம்போல பாமணி, கோரையாத்துல நல்ல தண்ணி வரத்து கொறஞ்சு சித்திரை கடைசில என் வாய்க்கால்ல உப்பு 50ஐத் தாண்டுச்சு. அலையாத்தி 500ல 340 தாண்டுச்சு. ரெண்டாவது கோடைக்கு அப்புறம் 312. இப்ப இடுப்பு ஒசரம், சுத்தியும் சேத்துல இருந்து மூச்சுவேர் ஊசி ஊசியா மேல வந்திருக்கு. உமிரி பாதிக்கு மேல போச்சு, ஆனா மிச்சம் நின்னது காய்ச்சு வெதை விழுந்து அடுத்த மழைல நான் நடாத எடத்துலயெல்லாம் வந்திருக்கு, பங்குனில மேடு பூரா செவப்பா மாறுறப்ப பாக்கணும், அப்பாயி அதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. வங்கராவாசி ஒடஞ்ச கரையோட ஓரத்தை பாய் விரிச்ச மாதிரி புடிச்சு வச்சிருக்கு, இல்லன்னா ரெண்டு மழைலயே மண்ணு வாய்க்காலை தூத்திருக்கும். நண்டு வளை நெறையா இருக்கு, சேத்துல துள்ளுற மீனும் வந்திருச்சு.

கொறையும் சொல்லணும். போன் எடுக்க மாட்டாங்க, ஏத்தம் வத்தம் பாத்துத்தான் வேலைங்கறதால எப்ப கரைல இருப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கூப்புடுங்க. பையில எந்த செடின்னு எழுதி வக்கறதில்ல, சின்னதுல உமிரி வகையெல்லாம் எனக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கு, மூணு தட்டு மாறி வந்துருச்சு, சொன்னதும் மாத்திக் குடுத்தாங்க ஆனா வண்டி வாடகை என் கையில இருந்து போச்சு. பை இன்னும் பிளாஸ்டிக்தான். நட்டு முடிச்சதும் பையை எண்ணி திரும்ப வாங்கிக்கறாங்க, அதுவரைக்கும் நல்லது, ஆனா ஓலைலயோ தேங்கா நாருலயோ செஞ்சா நானே அஞ்சு ரூபா சேத்துக் குடுப்பேன்னு சொல்லியிருக்கேன். அப்புறம் ஆடு. வேலி போடணும்னு அவங்க அழுத்திச் சொல்லல, மொத மாசம் ஒரு மூலைல 40 கன்னு ஆடு மேஞ்சுதான் போச்சு. இதை கன்னு குடுக்கறப்பவே அவங்க சொல்லியிருக்கணும். அந்த ஒரு விசயத்துக்குத்தான் 5க்கு 4.5.

போறவங்க ஆவணி புரட்டாசிக்குள்ள போய் எடத்தை வந்து பாக்கச் சொல்லிடுங்க, மழைக்கு முன்னாடி வாய்க்கா வேலை முடியணும். சொந்த பட்டாவா இருந்தாலும் அலையாத்திக் காடும் உப்புச் சதுப்பும் கடற்கரை ஒழுங்குமுறை விதில ரொம்ப பாதுகாக்கப்பட்ட மண்டலத்துல வருது, அதனால கரையை ஒடைக்கறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்து கேட்டுக்கோங்க, நானும் அப்படித்தான் செஞ்சேன். பெரிய ஆர்டர்னா ஒரு வருசம் முன்னாடி சொல்லணும், அவங்க சதுப்பு எவ்ளோ காய்க்குதோ அவ்ளோதான் கன்னு, அதுக்கு மேல வெளிய வாங்கி விக்க மாட்டாங்க. எனக்கு இந்த வருசம் அடிப்படிப் புல்லு வேணும்னு சொல்லி வச்சிருக்கேன், வாய்க்கா வாய்ல சேறு புதுசா படிஞ்சிருக்கு, அக்கா வந்து குச்சி ஊனிட்டு போயிருக்காங்க, இந்த பௌர்ணமிக்கு போய் கோடு பாக்கணும்.