டொரன்டா, நேரடித் தரவிறக்கமா, பக்கத்துக் கைபேசியா?

கணினிக்கான இலவச இயங்குதளமான உபுண்டு 24.04இன் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி. உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குக் கம்பி இணையம் இன்னும் வரவில்லை; சிம் போட்ட ரவுட்டர்தான் கதி. அந்தக் கோப்பை எப்படி இறக்குவது என்பதில் எனக்கும் மருமகனுக்கும் வழக்கு. அவன் டொரன்ட் கட்சி: கோப்பைத் துண்டு துண்டாக, அதை ஏற்கெனவே வைத்திருக்கும் பலரிடமிருந்து வாங்குவது. நான் ஒரே சேவையகத்திலிருந்து நேரடியாக இறக்கும் கட்சி.

டொரன்ட் என்பது 2001இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டொரன்ட் முறை. அதன் அடிப்படை, கொடுத்தால்தான் கொடுப்பார்கள் என்பது. கைபேசி வலையமைப்பில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கைபேசி அலைகளை அனுப்பும் திறன் வெறும் 200 மில்லிவாட். கோபுரத்தினதோ பல வாட். ஆகவே இறக்குவது சுலபம், ஏற்றுவது கடினம். கொடுக்கும் கை மெலிந்திருப்பதால் வாங்கும் கையும் காய்ந்துபோகிறது.

அதைவிடக் கொடியது முகவரிச் சிக்கல். பெரும்பாலும் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் வீட்டு இலக்கம் போன்ற எண்ணை, பங்கிட்டுக்கொள்கிறார்கள். நாம் வெளியே போய் அழைக்கலாம். நம்மைத் தேடி யாரும் வர முடியாது. எதிர்முனையிலும் கைபேசிக்காரர் என்றால் இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு ஒருவரையொருவர் கூப்பிடும் கதைதான். உபுண்டு போன்ற கோப்புக்கு முழுப் பிரதியுடன் திறந்த கதவோடு காத்திருப்பவர்கள் ஏராளம், தப்பிக்கலாம். அரிய கோப்பு என்றால் யாராவது கொடுக்க வருவார்களா என்று இரவு முழுவதும் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பதிவேற்றத்துக்கு வரம்பு போடாவிட்டால் இன்னொரு வேடிக்கை. ஏறும் பாதை நிரம்பி, ‘கிடைத்தது’ என்று சொல்லும் சிறு தரவுப் பொட்டலங்கள் சிக்கிக்கொள்ள, இறங்கும் வேகமும் சரியும். பக்கத்து அறையில் வாட்ஸப் அழைப்பு விக்கும். வாங்கிய அளவுக்கே திருப்பிக் கொடுத்தால் டேட்டாப் பொதியில் 12 ஜிபி கரையும்.

நேரடித் தரவிறக்கத்தில் இந்த வம்பு எதுவும் இல்லை. ஒரே இணைப்பு, பெரும்பாலும் ஒரே திசை. வேலை முடிந்ததும் கைபேசிக்குள் அலைகளைக் கையாளும் ரேடியோ உறங்கிவிடும், பேட்டரி மிஞ்சும். ஆனால் கிண்ணியா பஸ்ஸில் அலைவரிசை அறுந்தால், சேவையகம் விட்ட இடத்திலிருந்து தர ஒப்புக்கொள்ள வேண்டும். டொரன்ட் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சரிபார்ப்பதால் அறுந்தாலும் நட்டம் ஓரிரு துண்டுதான். இதில் மட்டும் மருமகன் பக்கம் நியாயம் இருக்கிறது. என் தீர்ப்பு நேரடித் தரவிறக்கத்துக்கே.

அவன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. நான் இறக்கிய கோப்பைக் கேட்டு சாம்பல்தீவிலிருந்து வந்தான். வைஃபை வழியே கைபேசிக்குக் கைபேசி, கோபுரமே தேவையில்லை. விநாடிக்கு 25 மெகாபைட் கிடைத்தாலே 4 நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை. 4 ஜிபியில் நின்றது. அவனுடைய பழைய மெமரி கார்டு ஃபாட்32 வடிவம், அதைவிடப் பெரிய கோப்பை ஏற்காது. கைபேசியின் சொந்த நினைவகத்திலோ அக்காவின் கல்யாணப் படங்கள் 800. அவற்றை அழிக்க அக்காவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஞாயிறு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.